கமினோவில் ஒரு நாள் மிச்சம்: சாந்தியாகோவிலா, ஆஸ்தோர்காவிலா?

பிரெஞ்சு எல்லையில் தொடங்கி வடக்கு ஸ்பெயின் முழுக்கக் குறுக்கே போய் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் முடியும் கமினோ யாத்திரைப் பாதை ஏறத்தாழ 780 கிலோமீட்டர். விசா, லீவு, டிக்கெட் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தபின் பெரும்பாலானவர்கள் கையில் ஒரே ஒரு நாள் மிஞ்சும். அந்த நாளை எங்கே வைப்பது? கால் ஆற வேண்டும், வயிறு நிறைய வேண்டும், ஊரில் பார்க்கவும் ஏதாவது இருக்க வேண்டும். போகப் போகிறேன் என்று சொன்ன நாலைந்து நண்பர்கள் இதையே கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி அலுத்துப்போய் இப்போது எழுதுகிறேன்.

என் பதில், பாதை வழியில் வரும் ஆஸ்தோர்கா என்ற சின்ன ஊர். முழுப் பாதையும் நடக்கிறவர்களுக்கு, அதுவும் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்குப் பதில் மாறும், அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

வழக்கமாக எல்லோரும் செய்வது, மிச்ச நாளைச் சாந்தியாகோவிலேயே வைத்துக்கொள்வது. வந்து சேர்ந்தாயிற்று, இனி நடக்க வேண்டாம், நன்றாகத் தின்று தூங்கலாம் என்ற கணக்கு. தப்பில்லை. ஆனால் சாந்தியாகோவுக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். மாலையில் ஒரு வேளை, மறுநாள் காலையில் ஒரு வேளை அங்கே எப்படியும் சாப்பிடுவீர்கள். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று பார்த்தால், அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சாந்தியாகோ என்றால் ஆயிரம் வருடப் பழைமை என்றுதான் நினைப்போம். நாம் பார்க்கிற யாத்திரை நகரம் உண்மையில் ரொம்பப் புதுசு. 1589இல் ஆங்கிலேயர் தாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், யாத்திரைக்கே காரணமான இயேசுவின் சீடர் புனித யாக்கோபின் எலும்புகளை ஒளித்து வைத்தார்கள், பிறகு எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோனது. 1879இல் பேராலயத்துக்குள் தோண்டித்தான் மறுபடி கண்டெடுத்தார்கள், 1884இல் போப் பதின்மூன்றாம் லியோ அது அசல்தான் என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் நடந்து வருகிறவர்கள் கூட்டம் ஒன்றும் பெருகிவிடவில்லை. 1937இல், உள்நாட்டுப் போர் நடுவிலேயே, பின்னாளில் சர்வாதிகாரியாக ஆண்ட தளபதி பிராங்கோ, யாக்கோபின் திருநாளான ஜூலை 25ஐத் தேசிய விழா நாளாக மீட்டுக் கொண்டுவந்தார். புனிதரை ஆட்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பதுதான் நேரான வார்த்தை. 1954இல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய யாத்திரிகர் மருத்துவமனை ஆடம்பர ஹோட்டலாகியது. 1984இல் ஓ செப்ரெய்ரோ மலைக் கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலிஞ்ஞா மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு கிளம்பி வழி நெடுக அம்புக்குறி போட்டார். இன்றைக்கு நாம் பின்தொடர்ந்து போகிற மஞ்சள் அம்பு அதுதான். அப்போது வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் பேர் வந்தாலே அதிகம். 1985இல் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 1993 புனித ஆண்டுக்கு, சாந்தியாகோ இருக்கிற கலீசியா மாநிலத்தின் அரசு பெரிய விளம்பரமே செய்தது, அந்த வருடம் ஒரு லட்சத்தைத் தொட்டது. 2024இல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். ஊரில் குடியிருப்பவர்களே ஏறக்குறைய ஒரு லட்சம்தான்.

இந்தக் கூட்டம் சாப்பாட்டில் தெரியும். ருவா தோ பிராங்கோ என்ற தெருவில் நடந்து போனால் இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள் ஆக்டோபஸ், பக்கத்தில் தொட்டியில் லாப்ஸ்டர், வாசலிலேயே நாலு மொழியில் மெனு. ஒரு காலத்தில் மாணவர்கள் இந்தத் தெருவில் பாரிஸ் என்ற பாரில் ஆரம்பித்து டாக்கர் என்ற பாரில் முடியும்வரை ஒவ்வொரு கடையிலும் ஒரு கோப்பை குடிப்பார்களாம். பாரிஸ்–டாக்கர் கார் பந்தயம் மாதிரி. இப்போது அந்தப் பந்தயம் ஓடினால் பர்ஸ் தாங்காது.

அதற்காகச் சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தைக்குப் போங்கள். 1941இல் கட்டிய கருங்கல் மண்டபங்கள், பார்த்தால் கோயிலோ சந்தையோ என்று குழப்பமாக இருக்கும். வெளியே சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கூடையில் கீரை, முட்டை, தங்கள் வீட்டுச் சீஸ் என்று தரையில் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வாங்கின மீனையோ சிப்பியையோ அங்கேயே சமைத்துத் தரும் கடை உண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்வார்கள். ஞாயிறு அன்று சந்தை கிடையாது, காலை பதினொன்றுக்குள் போனால்தான் உயிர்ப்பாக இருக்கும், மதியத்துக்கு மேல் ஒன்றுமில்லை. உங்கள் மிச்ச நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் சாந்தியாகோவில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் அந்த பாதாம் கேக், தார்த்தா தே சாந்தியாகோ. அரைத்த பாதாம், சர்க்கரை, முட்டை, வேறு பெரிதாக ஒன்றுமில்லை, கோதுமை மாவே சேராது. பாதாம் கேக் அங்கே பல நூற்றாண்டாக இருக்கிறது. ஆனால் மேலே சர்க்கரைப் பொடிக்கு நடுவில் தெரிகிற அந்தச் சிலுவை? 1924 வாக்கில் உள்ளூர் இனிப்புக் கடை ஒன்று தகடு வெட்டி வைத்துத் தூவ ஆரம்பித்தது. மத்திய காலத்து யாத்திரிகன் இதைத் தின்றுதான் ஊருக்குத் திரும்பினான் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியது பேராலயத்துக்குப் பின்புறம் இருக்கிற சான் பாயோ மடத்தில். அங்கே கன்னியர்கள் வெளியே முகம் காட்டுவதில்லை. மணியை அடித்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும், சுவரில் பதித்த மர உருளை மெதுவாகச் சுழலும், அதன் தட்டில் காசை வைத்தால் திரும்பச் சுழன்று பெட்டி வரும். குரல் வயதானது, ஒரு பெட்டியா இரண்டா என்று மட்டும் கேட்டது. சாந்தியாகோவில் எனக்கு மறக்காதது பேராலயத்து ஐம்பது கிலோ சாம்பிராணிக் கலசத்தைவிட அந்த உருளைதான்.

சரி, ஆஸ்தோர்காவுக்கு வருவோம். சாந்தியாகோவுக்கு இன்னும் 260 கிலோமீட்டர் இருக்கும்போது வரும் ஊர், லியோன் மாகாணத்தில், மக்கள் தொகை பத்தாயிரத்தைச் சுற்றி. லியோனிலிருந்து இரண்டு நாள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து, உள்ளங்கால் எரிய இங்கே வந்து விழுவோம். அடுத்த இரண்டு நாளில் 1500 மீட்டர் மலை ஏற வேண்டும், அதனால் கால் கேட்கிற இடமும் இதுதான்.

இந்த ஊரின் சாப்பாடு எதுவும் யாத்திரிகனால் வந்ததில்லை, கோவேறு கழுதையால் வந்தது. ஆஸ்தோர்காவைச் சுற்றியுள்ள கிராமங்களின் மக்களை மராகாத்தோக்கள் என்பார்கள். மண் வறண்டது, விளைச்சல் கிடையாது, அதனால் ஆண்கள் கழுதைப் பொதி ஓட்டப் போனார்கள், வயலைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். கலீசியக் கடற்கரையிலிருந்து உப்புக் கண்ட மீனை மத்ரித் வரைக்கும் கொண்டுபோய், திரும்பும்போது எண்ணெய், மிளகாய்த்தூள், மது என்று ஏற்றிவருவார்கள். கணக்கில் ஒரு காசு பிசகாது என்று பெயர் வாங்கியவர்கள். கலீசியாவில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும் ஆக்டோபஸ் தட்டின் மேலே ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளும் வந்தது இவர்களால்தான் என்று ஒரு கதை உண்டு; கலீசியாவில் இரண்டுமே அதிகம் விளைவதில்லை, அதனால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

1866இல் ஆஸ்தோர்காவுக்கு ரயில் வந்தது. 1883இல் அந்தப் பாதை மலையைத் தாண்டி கொருஞ்ஞா துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது, பொதிக் கழுதைக்கு வேலை போனது. சிலர் மத்ரித்திலேயே மீன் கடை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கிராமங்கள் காலியாகின. தெற்கே பிளாசென்சியாவுக்குப் போன இன்னொரு ரயில் பாதை 1896இல் திறந்து, 1985இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. ஊர் ரயில் சந்திப்பாக வாழ்ந்தது, சந்திப்பு போனதும் சுருங்கியது, அப்புறம் மஞ்சள் அம்பு வந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தியது.

அந்தக் கழுதைக்காரர்கள் விட்டுப்போனதுதான் கோசிதோ மராகாத்தோ. இது தலைகீழ்ச் சாப்பாடு. ஸ்பெயினில் மற்ற இடங்களில் கோசிதோ என்றால் முதலில் சூப், பிறகு கொண்டைக்கடலை, கடைசியில் கறி. இங்கே முதலில் கறி. நான் சாப்பிட்டது ஊருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி உள்ள காஸ்த்ரிய்யோ தே லோஸ் பொல்வாசாரெஸ் என்ற கல்வீட்டுக் கிராமத்தில். பொதிவண்டி அப்படியே உள்ளே போகிற அகலத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய வாசல். இப்போது பாதி வீடு உணவகம். உட்கார்ந்ததும் கேள்வி கிடையாது, மெனு கிடையாது. ஒரு பெரிய தட்டு வந்து இறங்கியது: பன்றிக் காது, கால், மூக்கு, முன்தொடை, கொழுப்புத் துண்டு, சொரிசோ என்ற பன்றி சாசேஜ், மாட்டுக் கறி, கோழி, அதோடு ரொட்டியும் முட்டையும் பிசைந்து செய்த ஒரு உருண்டை. ஏழு வகைக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. அதை முடிப்பதற்குள் கொண்டைக்கடலையும் வெந்த முட்டைக்கோஸும் வந்தன. கடலை சின்னது, நுனியில் கூரான மூக்கு, வாயில் தோல் தட்டுப்படவே இல்லை. கறியை விட்டுவிட்டு இதையே இன்னொரு தட்டு கேட்டேன். கடைசியாகத்தான் சேமியா போட்ட சூப், கொதிக்கக் கொதிக்க. அதற்குமேல் கஸ்டர்டு. பக்கத்து மேசைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிஞ்சினால் சூப் மிஞ்சட்டும் என்று அந்த ஊர்ப் பழமொழியைச் சொன்னார். மொத்தம் 25–30 யூரோ ஆகும்.

ஏன் தலைகீழ்? நெப்போலியன் படை எந்த நேரமும் வந்துவிடும், வந்தால் சூப்பை விட்டுவிட்டு ஓடலாம், அதனால் கறியை முதலில் தின்றார்கள் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்தோர்காவை 1810இல் முற்றுகையிட்டது உண்மைதான், ஆனால் இந்தக் கதை எனக்கு ஒட்டவில்லை. கழுதை ஓட்டி வருகிறவன் மரப்பெட்டியில் வீட்டுக் கறியை எடுத்துப் போவான், சத்திரத்தில் அந்த ஆறிப்போன கறியைத் தின்று முடித்து, கடைசியில் வயிற்றுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடிப்பான் என்கிற விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. குளிரில் நாள் முழுக்க நடந்து வந்தவனுக்குச் சூடு கடைசியில்தான் வேண்டும். நடந்து பார்த்தவனுக்கு இது புரியும்.

சாக்லேட்டும் அதே கழுதைதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கலீசியத் துறைமுகத்தில் இறங்கின கோக்கோ இந்த வழியாகத்தான் உள்நாட்டுக்குப் போனது. ஊரில் பாதிரியார்கள் ஏராளம், சாக்லேட் குடிக்கிறவர்கள் அவர்கள். காற்று குளிர்ந்து உலர்ந்திருக்கும், அச்சில் ஊற்றினது சீக்கிரம் இறுகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தனூண்டு ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்ட சாக்லேட் பட்டறைகள். முட்டி போட்டு உட்கார்ந்து, வளைந்த அம்மிக்கல்லில் கையாலேயே அரைத்தார்கள். உள்நாட்டுப் போரும் அதற்குப் பின் 1952 வரை நீடித்த ரேஷனும் அந்தத் தொழிலை முறித்துப் போட்டன. இன்று மிஞ்சியது சிலது. 1994இல் தொடங்கின சாக்லேட் அருங்காட்சியகம் இப்போது ஒரு பழைய சாக்லேட் முதலாளியின் மாளிகையில் இருக்கிறது, பழைய உறைகளும் வண்ண அட்டைகளும் பார்க்க அழகு, கடைசியில் ருசி பார்க்கவும் தருவார்கள். சைவக்காரர்களுக்கு ஆஸ்தோர்காவில் கிடைக்கிற பெரிய ஆறுதல் இதுவே. மந்தெகாதா என்ற வெண்ணெய்க் கேக்கும் உண்டு, சின்னச் சதுரக் காகிதப் பெட்டியில் வெந்திருக்கும், ஆனால் அதில் முட்டையும் வெண்ணெயும் போக வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் சேரும், அதனால் சைவக்காரர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பார்ப்பதற்கு? பேராலயத்துக்குப் பக்கத்தில், பிரபலக் கட்டடக் கலைஞர் கௌதி கட்டிய ஆயர் மாளிகை. பழைய மாளிகை 1886இல் எரிந்தது, அப்போதைய ஆயர் கௌதியின் சொந்த ஊரான ரெயுஸ்காரர், அதனால் இந்த வேலை அவருக்கு வந்தது. 1893இல் ஆயர் இறந்ததும் மற்றப் பாதிரியார்களோடு ஒத்துப்போகாமல் கௌதி வேலையை விட்டுப் போய்விட்டார், வேறொருவர்தான் கூரை போட்டு முடித்தார். உச்சியில் நிற்க வேண்டிய துத்தநாக தேவதைகள் மூன்றும் இன்னும் தோட்டத்தில் நிற்கின்றன, ஏற்றவே இல்லை. எந்த ஆயரும் அதில் குடியிருக்கவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிராங்கோ பக்கத்து ஃபலாஞ்சிஸ்ட் கட்சிக்காரர்கள் அலுவலகமாக வைத்திருந்தார்கள், இன்று யாத்திரைப் பாதைகளின் அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது நகராட்சி மணிக்கூண்டு. மராகாத்தோ உடை போட்ட ஒரு ஆணும் பெண்ணுமாக இரண்டு பொம்மைகள், ஹுவான் சங்குதா, கொலாசா என்று பெயர், மணிக்கு மணி சுத்தியலால் நடு மணியை அடிப்பார்கள். எதிர்க் கடை வாசலில் காபியோடு உட்கார்ந்து பதினொன்றும் அடித்தது கேட்டேன், பன்னிரண்டும் அடித்தது கேட்டேன். ஓய்வு நாள் என்றால் அதுதானே.

மூன்றாவதாக ஒரு பெயர் அடிக்கடி அடிபடும், சாந்தோ தொமிங்கோ தே லா கால்சாதா. பேராலயத்துக்குள்ளேயே கூண்டு வைத்து உயிருள்ள சேவலும் கோழியும் வளர்க்கிற ஊர். செய்யாத திருட்டுக்குத் தூக்கில் போட்ட பையன் சாகாமல் இருக்கிறான் என்று பெற்றோர் போய்ச் சொல்ல, அவன் உயிரோடு இருந்தால் என் தட்டில் உள்ள இந்த வறுத்த கோழியும் கூவும் என்றாராம் நீதிபதி, கூவியது. கதைக்காக ஒரு மணி நேரம் நில்லுங்கள், தூக்கிலிடப்பட்டவன் பெயரில் விற்கிற சிப்பி வடிவப் பாதாம் இனிப்பைத் தின்னுங்கள், நடையைக் கட்டுங்கள். லா ரியோஹா மாகாணச் சாப்பாடு நல்ல சாப்பாடுதான், ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே லொக்ரோஞ்ஞோவில் இன்னும் நன்றாகச் சாப்பிட்டிருப்பீர்கள். நடையின் முதல் பத்து நாளில் ஓய்வு நாளைச் செலவழிப்பதும் கையில் இருக்கிற பணத்தை மாதத் தொடக்கத்திலேயே காலி பண்ணுவது மாதிரி.

சார்ரியாவிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மட்டும் நடக்கிறவர்களுக்கு ஆஸ்தோர்கா வழியிலேயே இல்லை. அவர்களுக்குப் போட்டி மெலிதேக்கும் சாந்தியாகோவுக்கும். மெலிதேயில் ஓய்வு நாள் தேவையில்லை, மதியம் ஒரு மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி நடந்தால் போதும். ஆக்டோபஸுக்காகவே எல்லோரும் நிற்கிற ஊர். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அதேதான். செம்புக் கொப்பரையில் வேகவைத்து, கொக்கியால் தூக்கி, கத்தரிக்கோலால் மரத்தட்டில் வெட்டிப் போட்டு, கல்லுப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய். தட்டு மரம், நீண்ட பெஞ்சு, பக்கத்தில் யாரோ. கடல் அங்கிருந்து வெகு தூரம் என்பதுதான் வேடிக்கை. ஒரு காலத்தில் உலர்த்திய ஆக்டோபஸ்தான் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போனது, இன்று நிறைய மொரோக்கோ, மொரித்தானியாவிலிருந்து உறைய வைத்து வருகிறது. உறைய வைத்தால் இன்னும் மிருதுவாகும், அதனால் யாரும் குறை சொல்வதில்லை. அங்கே சாப்பிட்டுவிட்டு மிச்ச நாளைச் சாந்தியாகோவில் வையுங்கள்.

சைவம் மட்டும் என்றாலும் சாந்தியாகோதான் என் பரிந்துரை. ஆஸ்தோர்காவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த ஊரின் சாப்பாட்டை நீங்கள் பார்க்கத்தான் முடியும். சாந்தியாகோவில் ஜூன் முதல் அக்டோபர் வரை பாத்ரோன் மிளகாய் கிடைக்கும்: பச்சையாக, கட்டைவிரல் நீளத்தில், எண்ணெயில் வதக்கி உப்புத் தூவி. பத்துக்கு ஒன்று நாக்கைப் பிடிக்கும், எது என்று தின்றால்தான் தெரியும். அந்த மிளகாய் உண்மையில் பாத்ரோனுக்குப் பக்கத்து எர்போன் ஊரில் விளைவது, மெக்சிகோவிலிருந்து பிரான்சிஸ்கன் துறவிகள் விதை கொண்டுவந்தார்கள் என்பார்கள். சந்தையில் சீஸ், ரொட்டி, பழம், மடத்துக் கேக். ஒரே எச்சரிக்கை, கால்தோ கலேகோ என்ற கீரை உருளைக்கிழங்கு சூப்பைப் பார்த்ததும் கையை நீட்டிவிடாதீர்கள், உள்ளே பன்றிக் கொழுப்பு கரைந்திருக்கும். சாலட் கேட்டால் மேலே டூனா வரும், முதலிலேயே வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.

2027இல் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழுகிற வருடம் புனித ஆண்டு, 2021க்குப் பிறகு அடுத்தது அதுதான். அந்தக் கோடையில் சாந்தியாகோவில் அறை கிடைப்பதே பாடாக இருக்கும், அப்போது மிச்ச நாளை ஆஸ்தோர்காவுக்கு மாற்றிக்கொள்வது இன்னும் புத்திசாலித்தனம்.

ஆஸ்தோர்கா என்று முடிவெடுத்தால் இதைக் கவனியுங்கள். கோசிதோ மதியச் சாப்பாடு மட்டுமே, ராத்திரி கேட்டால் இல்லை. முதல் நாள் நான் ஊருக்குள் நாலரை மணிக்கு ஒரு கடையில் போய் நின்றேன், அடுப்பை அணைத்தாயிற்று என்று கதவை மூடிவிட்டார்கள், அன்று ராத்திரி சாப்பாடு பொட்டலத்துச் சிப்ஸ். இரண்டு மணிக்கு மேசை சொல்லி வையுங்கள், வார இறுதி என்றால் கட்டாயம், மத்ரித்திலிருந்து இதற்காகவே கார் போட்டு வருகிறார்கள். காலையில் அதிகம் சாப்பிடாதீர்கள். மந்தெகாதாவைக் கிளம்புகிற நாளில் வாங்கினால் அன்றே தின்றுவிடுங்கள். நான் ஒரு டஜன் வாங்கிப் பையில் அடியில் வைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் ஏறி ரபனாலில் திறந்து பார்த்தேன், காகிதப் பெட்டி எல்லாம் சதுரமாக அப்படியே இருந்தது, உள்ளே தூள்தான். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் சூடாகப் பால் வாங்கிவந்தார், அதில் கொட்டி ஸ்பூனால் தின்றோம்.